தொய்வுக்கார வைத்தியர் லெனெக்

1816-ம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பாரிஸ் நகரின் நெக்கர் ஆஸ்பத்திரிக்குப் புதிய வைத்தியர் ஒருவர் நியமனம் பெற்றார். வயது 35. கட்டையான, மிக மெலிந்த உருவம். தொய்வு அவரை ஆண்டுக்கணக்காக வருத்தி வந்தது. தலையிடியும் களைப்பும் மனச்சோர்வும் இடையிடையே வந்து அவரை முடக்கிப் போடும். பெயர் றெனே லெனெக். அரசாங்க உத்தியோகத்துக்குத் தெரிவானவர்களை இக்காலத்தில் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அப்படியொரு பரிசோதனைக்கு லெனெக்கை யாராவது அனுப்பியிருந்தால் அவர் தேறியிருப்பாரோ என்பது சந்தேகமே. அவர் தேறாமற் போயிருந்தால், இன்று உலகமெங்கும் வைத்தியர்களின் கழுத்தில் தொங்கும் ஸ்தெதஸ்கோப் அந்த ஆஸ்பத்திரியிற் பிறந்திராது.

நீடித்த நோயுள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் செய்யக்கூடாதவற்றையே நாம் முதலில் எண்ணத் தொடங்குகிறோம். தூசியில் நிற்காதே, பாரம் தூக்காதே, பனிக்குள் போகாதே, இரவு வேலை வேண்டாம். இவையெல்லாம் வேண்டிய புத்திமதிகள்தாம். ஆனால் கணக்கு அத்தோடு நின்றுவிடுகிறது. தொய்வோ சலரோகமோ வலிப்போ உள்ள பிள்ளையின் கைக்கு என்ன வரும், காதுக்கு என்ன வரும், புத்திக்கு என்ன வரும் என்று கணக்கின் மறுபக்கத்தையும் எழுதிப் பார்க்கும் பெற்றோர் குறைவு. லெனெக்கின் வாழ்க்கையை அந்த மறுபக்கத்திலிருந்து பார்ப்போம்.

அவர் பிறந்தது 1781 பெப்ரவரி 17-ம் திகதி. பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரெத்தாஞ் பகுதியில், கெம்பேர் என்னும் பட்டினத்தில். கடலும் மழையும் மீன்பிடியும் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசமும் உள்ள பிரதேசம் அது. தந்தை சட்டம் படித்தவர், கவிதை எழுதுவார், கையிற் பணம் நில்லாத மனிதர். தாய் 1786-ல் காலமானார். சயரோகமே காரணம் என்று கருதப்படுகிறது. மகனுக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளைகளைத் தாமே வளர்க்கும் பொறுமை தந்தைக்கு இருக்கவில்லை. பையன் முதலில் தந்தையின் சகோதரரான ஒரு குருவானவரிடமும், பின்னர் நாந்த் நகரில் வைத்தியராயிருந்த மற்றொரு சகோதரரான கியோமிடமும் வளர்ந்தான்.

நாந்தில் அவர்கள் குடியிருந்த வீடு புஃபே சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர நாட்களில் தலைவெட்டும் இயந்திரம் நின்றது அந்தச் சதுக்கத்திலேயே. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை இருந்த வீட்டின் யன்னலுக்கு வெளியே அது நின்றது என்பதை மட்டும் சொல்லி மேலே போவோம். பெரிய தந்தை போலிருந்து வளர்த்த கியோம், பையனுக்கு வைத்தியத்தின் ஆரம்பப் பாடங்களைக் கற்பித்தார். 1795-ல், பதினான்கு வயதில், லெனெக் நாந்த் ஆஸ்பத்திரியிற் காயங்களுக்குக் கட்டுப்போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் கிரேக்கம் படித்தார், புல்லாங்குழல் பழகினார். புல்லாங்குழல் வைத்தியனுக்கு எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருக்கலாம்.

1801-ல் தம்பி மிஷோவுடன் பாரிசுக்குப் படிக்கப் போனார். தந்தை அனுப்பும் பணம் ஒழுங்காக வராது. ஆயினும் ஷாரித்தே ஆஸ்பத்திரியில் கோர்விசார் என்ற பேராசிரியரிடம் கற்று, 1803-ல் வைத்தியத்திலும் சத்திர வைத்தியத்திலும் முதற் பரிசுகளைப் பெற்றார். 1804-ல் டொக்டர் பட்டம் கிடைத்தது. புரட்சிக் காலத்தில் வளர்ந்த பல இளைஞரைப் போல அவரும் சில காலம் சமயத்தில் அசட்டையாயிருந்தவர். பாரிசில் தெல்புயி என்ற குருவானவர் மாணவர்களுக்காக நடத்திய மரியாயின் சபையிற் சேர்ந்தபின் அந்த அசட்டை நீங்கியது. அது பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை.

முதற் பரிசு பெற்ற மாணவனுக்கு நல்ல ஆஸ்பத்திரி ஒன்றில் இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். நெப்போலியன் ஆட்சியில் அவருடைய கத்தோலிக்கப் பற்றும் மன்னர் பற்றும் சில கதவுகளை அடைத்தன என்று எழுதுவோர் உண்டு. அதற்கிடையில் தனிப்பட்ட நோயாளிகளைப் பார்த்தார். ஒரு வைத்தியச் சஞ்சிகையை நடத்துவதிற் பங்கெடுத்தார். இறந்தவர்களின் உடலை அறுத்துச் சோதித்து, எந்த நோய் எந்த உறுப்பில் என்ன வடு விட்டுச் செல்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். இக்காலத்தில் வைத்தியர் நாவில் உலாவும் சிரோசிஸ் என்ற ஈரல் நோயின் பெயர் அவர் இட்டது. இந்த வேலைகளின்போது ஒருமுறை, முள்ளந்தண்டு எலும்பை வாளால் அறுக்கையில், இடது ஆட்காட்டி விரலில் சிறு காயம் பட்டது. அவ்விடத்தில் ஒரு கட்டி எழுந்தது. சயரோகியின் உடலிலிருந்து வந்த கட்டி அது. அதை மருந்திட்டுச் சுட்டு ஆற்றிக்கொண்டு, பல ஆண்டுகளின் பின் தம் நூலில் அதையும் ஒரு நோய்க் குறிப்பாகவே எழுதி வைத்தார்.

சயரோகம் அவரைச் சுற்றிக் கொண்டேயிருந்தது. தம்பி மிஷோ 1810-ல் அதற்குப் பலியானார். சயரோகத்தைப் பற்றி அதே 1810-ல் பெருநூல் எழுதிய உற்ற நண்பர் பேல், 1816 மே மாதம் அதே நோயாற் காலமானார். நெக்கரில் லெனெக்கிற்கு இடம் கிடைத்தது அதன்பின் நான்கு மாதத்தில். உள்நாட்டு அமைச்சிற் பதவியிலிருந்த பெக்கே என்ற நண்பரின் முயற்சியால் வந்த நியமனம் அது. நெக்கர் பெரிய பெயர் பெற்ற ஆஸ்பத்திரி அல்ல. நம் பக்கத்தில் தூர இடத்து மாற்றம் கிடைத்தவர் போலத்தான் லெனெக்கும் சற்றுத் தயங்கி ஏற்றார்.

அங்கே நடந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். நெஞ்சு நோய்க்குறி உள்ள ஓர் இளம் பெண் சோதனைக்கு வந்தாள். உடல் பருத்தவளாகையால் கையால் தட்டிப் பார்ப்பதிற் பயன் இல்லை. நெஞ்சோடு காதை வைத்துக் கேட்பது அவளுடைய வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்றதல்ல. அப்போது அவருக்கு ஒன்று நினைவு வந்தது: நீண்ட மரத்தின் ஒரு முனையில் ஊசியாற் கீறினால், மறு முனையிற் காதை வைத்திருப்பவனுக்கு அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். உடனே ஒரு கடதாசிக் கட்டை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவளுடைய நெஞ்சிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டதைவிட இதயத்தின் ஒலி தெளிவாக வந்தது. லூவர் மாளிகை முற்றத்திற் சிறுவர் மரத்தடியோடு விளையாடியதைப் பார்த்தே இந்த எண்ணம் வந்தது என்ற கதை பிறர் சொன்னது. அவருடைய நூலில் அது இல்லை.

கடதாசிச் சுருள் எவர் கையிலும் இருந்திருக்கும். அதன் பிறகு வந்தவைதாம் லெனெக்கின் கைச்சொத்து. அவர் வீட்டிலேயே கடைச்சல் பட்டறை வைத்திருந்தவர். பல பொருள்களைச் சோதித்துப் பார்த்து, மிக இறுகியதும் மிக இளகியதும் ஒலியை நன்றாகக் கடத்தா என்று கண்டு, இறுதியில் மரத்துக்கு வந்தார். சுமார் ஓர் அடி நீளமுள்ள மர உருளை, நடுவே துளை, இரண்டாகக் கழற்றிப் பூட்டும் புரி, முனையிற் புனல் வடிவில் ஓர் அடைப்பு. தச்சனிடம் சொல்லிச் செய்வித்தது அல்ல, தாமே கடைந்தது. வைத்தியம் படித்தவர் மரம் கடைவது அந்தஸ்துக் குறைவு என்று நினைத்திருந்தால் கருவி கடதாசிச் சுருளோடு நின்றிருக்கும். முதலில் அதை உருளை என்றே அழைத்தார். பின்னரே கிரேக்கத்தில் நெஞ்சைக் குறிக்கும் சொல்லையும் நோட்டமிடுதலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து ஸ்தெதஸ்கோப் என்று பெயரிட்டார்.

இனிக் காதுக்கு வருவோம். அதுவரை எவரும் பெயரிடாத ஒலிகள் அந்தக் குழாய்க்குள் வந்தன. குழலிசை பழகிய காது அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிந்தது. சூடான சட்டியில் உப்புப் பொரிவது போன்ற ஒலி, புறா அனுங்குவது போன்ற ஒலி, ஆடு கத்துவது போல நோயாளியின் குரல் நடுங்கி வருவது, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊசி விழுந்தாற் போன்ற மணிச் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் உவமை கண்டு எழுதினார். கழுத்து நாடியிற் கேட்ட ஒரு முரலொலியை இசைக் குறியீட்டிலேயே எழுதி வைத்தார். பின் அந்நோயாளி இறந்தால், உடலைச் சோதித்து, உயிரோடிருக்கையிற் கேட்ட ஒலிக்கும் நுரையீரலில் இப்போது கண்ட கோளாறுக்கும் தொடர்பு எழுதினார். இப்படி மூன்று ஆண்டுகள். மனிதன் இறந்தபின் மட்டுமே தெரிந்த நெஞ்சு நோய்கள், அவன் கட்டிலில் மூச்சுவிட்டுக் கொண்டிருக்கையிலேயே தெரியலாயின.

இதையெல்லாம் செய்தவர் தாமே மூச்சுக்கு முட்டுப்பட்டவர் என்பதை மறவாதிருப்போம். ஓடியாடிச் செய்யும் வேலை அல்ல இது. கட்டிலருகே குனிந்து அசையாமல் இருந்து கேட்பது, எழுதுவது, மரம் கடைவது, யோசிப்பது. மெலிந்த உடல் தாங்கக்கூடிய வேலையாகவே, அவருடைய திறமைகளுக்கு ஏற்ற வேலையாகவே அது அமைந்தது. அவர் திட்டமிட்டு அப்படி அமைத்தார் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. அமைந்தது என்பதே உண்மை. சத்திர வைத்தியராகப் போயிருந்தால் அந்த உடல் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்குமோ.

ஆயினும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1819 ஆகஸ்டில் இரு பாகங்களில் நூல் வெளிவந்தது. வாங்குவோர் விரும்பினால் மர உருளையையும் சிறு விலைக்குச் சேர்த்து வாங்கலாம். அச்சுத் தாள்கள் கைவிட்டுப் போனதோடு ஆசிரியரின் பலமும் போய்விட்டது. சிறிது நேரம் எழுதவே முடியாத நிலை. ஒக்டோபரில் பாரிசை விட்டுப் பிரெத்தாஞ்சுக்குப் போனார். துவார்னனே துறைமுகத்துக்கு அருகே கெர்லுவானெக் என்னும் பழைய குடும்ப வளவு இருந்தது. அங்கே இரண்டு ஆண்டுகள் குதிரை ஏறினார், வேட்டைக்குப் போனார், வயல் வேலைகளை மேற்பார்த்தார், ஊர் மக்களோடு பிரெத்தோன் மொழியிற் கதைத்தார். அந்த மொழியும் ஒருமுறை தொழிலுக்கு உதவியதுதான்: 1814-ல் பாரிஸ் ஆஸ்பத்திரிகளை நிறைத்த இளம் போர்வீரருட் பிரெஞ்சு தெரியாத பிரெத்தோன் பையன்கள் பலர் இருந்தனர், அவர்களோடு அவர்களுடைய தாய்மொழியிற் பேசிச் சிகிச்சை செய்தவர் லெனெக்.

1821 நவம்பரிற் பாரிசுக்குத் திரும்பி நெக்கரில் மீண்டும் பணியேற்றார். இந்த இரண்டு வருடத்தையும் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு வரியிற் கடந்துவிடுவது வழக்கம். எமக்கோ முக்கியமான பகுதி இதுவே. நோயாளி ஒருவர் இளைப்பாறிவிட்டு வரும்வரை அவருடைய திறமை கெட்டுப் போவதில்லை. அவர் கிராமத்தில் இருந்தபோது வேறு வைத்தியர்கள் அவருடைய கருவியோடு முன்னேறிக் கொண்டிருந்தார்கள். அவருடைய நண்பரும் அதே பிரெத்தாஞ்சைச் சேர்ந்தவருமான கெர்காரதெக், 1821-ல் கர்ப்பிணித் தாயின் வயிற்றில் அதை வைத்துச் சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்டார். திரும்பி வந்தவருக்கு 1822-ல் கொலேஜ் த பிரான்ஸ் என்னும் பெருங் கலாசாலையிற் பேராசிரியப் பதவி கிடைத்தது. 1823-ல், தாம் மாணவனாயிருந்த ஷாரித்தே ஆஸ்பத்திரியிலேயே பேராசிரியரானார். பல தேசத்து மாணவர் வந்தார்கள். பிரெஞ்சு தெரியாதோர் விளங்கிக்கொள்ள நோயாளியின் கட்டிலருகே இலத்தீனில் விளக்கினார். இதனால் நோயாளி தன் நோயைப் பற்றிக் கேட்டுப் பயப்படாமலும் இருந்திருப்பான்.

கடற்கரை தனக்குச் செய்த நன்மையைப் பிறருக்கும் கொடுக்க ஆசைப்பட்டார். பிரெத்தாஞ் கரையிலிருந்து ஈரக் கடற்பாசியைத் தருவித்து, சயரோகிகளின் கட்டில்களைச் சுற்றிப் போடுவித்துக் கடற்காற்றை வாட்டுக்குள் கொண்டுவரப் பார்த்தார். நோய் அதற்கு மசியவில்லை. சயரோகத்துக்குப் பெருந் துயரமே முக்கிய காரணம் என்று அவர் நம்பினார். பத்து ஆண்டுகள் அவர் வைத்தியம் பார்த்த ஒரு கன்னியர் மடத்தை அதற்கு உதாரணமாக எழுதினார். திருச்சபை அதிகாரிகள் முழுமையாக அங்கீகரியாத, மிகக் கடினமான ஒழுங்குள்ள மடம் அது. புதிதாக வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்து, பத்து வருடத்தில் இரண்டு மூன்று முறை மடமே புதிதாயிற்று. தப்பியவர்கள் தலைவியும், தோட்டத்திலும் சமையலறையிலும் நோயாளர் அறையிலும் வெளிவாசலிலும் வேலை செய்தவர்களுமே. துயரத்தை மறக்க வைக்கும் வேலை அவர்களைக் காத்தது என்று அவர் கண்டார். சயரோகக் கிருமியை ஜெர்மனியில் கொக் என்பவர் கண்டறிந்தது 1882-ல். ஒன்றாய் அடைபட்டிருந்தவர்களிடையே நோய் தொற்றியது, காற்றோட்டத்தில் நடமாடியவர்கள் தப்பினார்கள் என்று இன்று நாம் சொல்வோம். அவர் கண்டது சரி. சொன்ன காரணந்தான் பிழை.

இன்று இந்நோய்க்கு மருந்து உண்டு. பெரும்பாலோர் ஆறு மாதம் ஒழுங்காக மருந்தெடுத்தால் குணமாகி வேலைக்குத் திரும்புகிறார்கள். இன்னும் அதை ஒளித்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. சம்பந்தம் குழம்பும், வேலை போகும் என்ற பயம். ஒளித்த நோய் வீட்டிலுள்ள மற்றவருக்கும் தொற்றும் என்பது பயத்தில் மறந்துவிடுகிறது.

தனியாக வாழ்ந்து, நேரத்துக்குச் சாப்பிடாமல் உழைத்த லெனெக்கின் வீட்டை ஒழுங்குபடுத்த ஒருவர் வந்தது 1822 அளவிற்றான். குடும்பத்துக்கு அறிமுகமான ஆர்கோ என்ற விதவைப் பெண். அவர் வந்தபின் வீடு வீடாயிற்று, நோயாளிக்கு நேரத்துக்கு உணவும் ஓய்வும் கிடைத்தன. ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. 1824 டிசம்பரில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரு குழந்தை கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்து, கருவிலேயே கலைந்தது. நோயுள்ள ஒருவர் பெரிய வேலை செய்தார் என்று புகழ்கையில், அடுப்படியில் நின்றவரையும் சேர்த்து எண்ணுவதே நீதி.

இக்காலத்தில் புறூசே என்னும் பேராசிரியர் லெனெக்கிற்குப் பெரும் எதிரியாயிருந்தார். எல்லா நோய்க்கும் அழற்சியே காரணம், அட்டை கடிக்கவிட்டு இரத்தம் எடுப்பதே மருந்து என்று முழங்கியவர். உரத்த குரல், உறுதியான உடல். லெனெக் மேடையில் அவருக்கு ஈடல்லர். அவர் பதில் சொன்னது எழுத்தில்: முதல் நூலை முழுவதும் பிரித்து, நோய்வாரியாக மாற்றி, சிகிச்சை முறைகளையும் சேர்த்து இரண்டாம் பதிப்பைத் தயாரித்தார். பேராசிரியர் வேலை, ஆஸ்பத்திரி, பெரி கோமகளுக்கு வைத்தியம், அதன் மேல் இந்த நூல். 1819-ல் உடல் கொடுத்த எச்சரிக்கையை இம்முறை அவர் கேட்கவில்லை. இதைத் தியாகம் என்று போற்றுவோர் உளர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. நோயாளிக்கு வேலை கொடுப்பது வேறு, அவர் விழும்வரை வேலை வாங்குவது வேறு. வாங்குபவர் அந்த நோயாளியே ஆனாலும்.

1826 வசந்த காலத்தில் நூல் முடிந்தது. காய்ச்சலும் இருமலும் மெலிவும் கூடின. உறவினரான மெரியதெக் என்ற இளம் வைத்தியர், லெனெக்கே கற்பித்த முறைப்படி, லெனெக் செய்த கருவியை லெனெக்கின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். எந்த ஒலி எதைக் குறிக்கும் என்பது இருவருக்கும் தெரியும். மே மாத இறுதியிற் கணவனும் மனைவியும் வண்டியேறிப் பிரெத்தாஞ்சுக்குப் புறப்பட்டார்கள். வழிப் பயணம் அவரை மேலும் வருத்தியது. கெர்லுவானெக்கை அடைந்ததும் கடற்காற்றிற் சில நாள் தேறினார், பின்னர் தேறவில்லை. மரண சாசனம் எழுதினார். தம் வைத்திய நூல்களையும் குறிப்புகளையும் மணிக்கூட்டையும் மோதிரத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்தெதஸ்கோப்பையும் மெரியதெக்கிற்கு விட்டுச் சென்றார். தாம் விட்டுச் செல்வதில் மிகச் சிறந்தது அக்கருவியே என்று சாசனத்திற் குறித்தார்.

ஆகஸ்ட் 13-ம் திகதி விரல்களிலிருந்த மோதிரங்களைத் தாமே ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏன் என்று கேட்ட மனைவிக்கு, சற்று நேரத்தில் இன்னொருவர் இதைச் செய்ய வேண்டிவரும், அந்த வேதனையான வேலையை அவர்களுக்கு வைக்க விரும்பவில்லை என்றார். அன்றே உயிர் பிரிந்தது. வயது 45. கெர்லுவானெக்கிற்கு அருகே, புளோவாரே சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.